மாதவிடாய் தள்ளிப்போவதற்கும் மைதாவுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: எனக்கு 26 வயது, எடை 70 கிலோ. திருமணமாகி ஒரு வருடம் ஆகிறது. மாதவிடாய் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. தாடையில் முடி, முகத்தில் பரு. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்கிறார்கள். காலையில் இட்லி, மதியம் சாதம், மாலையில் டீயும் ரஸ்க்கும், இரவில் பெரும்பாலும் பரோட்டா அல்லது நூடுல்ஸ். அரிசி, மைதாவை அடியோடு நிறுத்தினால் சரியாகிவிடுமா?

பதில்: அடியோடு நிறுத்தச் சொல்லமாட்டேன். அப்படி நிறுத்துகிறவர்கள் சில வாரம் தாக்குப்பிடித்துவிட்டு, அப்புறம் பிரியாணிக் கடையில்தான் போய் நிற்கிறார்கள். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. சாப்பாட்டுக்கும் சினைப்பைக்கும் நடுவில் இன்சுலின் இருக்கிறது.

மைதா, நன்றாகத் தீட்டிய அரிசி, சர்க்கரை எல்லாம் சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அதைச் சமாளிக்கக் கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும். பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்குத் தசைகள் இன்சுலின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. தசை கேட்காவிட்டாலும் சினைப்பை கேட்கும், அதுதான் வம்பு. அங்கே இன்சுலின், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எல்.எச். ஹார்மோனுடன் சேர்ந்து, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுகிறது. கல்லீரலிலோ, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தைக் குறைக்கிறது. இப்படி ரத்தத்தில் தடையின்றித் திரியும் டெஸ்டோஸ்டிரோன்தான் தாடை முடிக்கும் பருவுக்கும் காரணம். கருமுட்டைப் பைகளும் பாதி வளர்ச்சியில் நின்றுவிடும். ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று பயமுறுத்துவது இவற்றைத்தான். நிஜமான கட்டி அல்ல. முட்டை வெளியேறாததால் மாதவிடாய் தள்ளிப்போகிறது.

பின்கழுத்தைக் கண்ணாடியில் பாருங்கள். தோல் தடித்துக் கருத்திருந்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள். இன்சுலின் மிகுந்திருப்பதற்கு அது ஓர் அடையாளம்.

அதற்காக மைதாதான் இந்த நோயைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. பரம்பரைக்கும் பங்குண்டு, ஒல்லியான பெண்களுக்கும் வருகிறது.

முதலில் ரஸ்க்கையும் இரவுப் பரோட்டாவையும் விடுங்கள். ரஸ்க்கும் மைதாதான், கூடவே சர்க்கரை. மாலையில் சுண்டல் போதும். இட்லி இருக்கட்டும், எண்ணிக்கையைக் குறைத்து, சாம்பாரைக் கெட்டியாக வைத்து, ஒரு முட்டை சேருங்கள். மதியம் சாதத்தைப் பாதியாக்கிப் பொரியலை இரண்டு மடங்காக்குங்கள். சிறுதானியம் என்று எழுதிய பிஸ்கட்டை நம்பி ஏமாறவேண்டாம், பின்பக்கம் சர்க்கரை அளவைப் படியுங்கள். சாப்பிட்டதும் 15 நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். எடையில் 5 சதவீதம், அதாவது உங்களுக்கு மூன்றரை கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது.

தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன், குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைச் சோதனை ஆகியவற்றைச் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் தேவையா என்பதை மகப்பேறு மருத்துவர் சொல்வார். மூன்று மாதம் தாண்டியும் மாதவிடாய் வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு அவரைப் பாருங்கள். கருப்பை உட்சவ்வு தடித்துக்கொண்டே போக விடக்கூடாது. இன்னொன்று, சாப்பாடு மாறி எடை குறையும்போது மாதவிடாய் சீராவதற்கு முன்பே முட்டை வெளியேறத் தொடங்கலாம். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்றால் கருத்தடை பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.