டெசராக்ட்டின் (படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் நிரல்) தமிழ்க் கோப்பு எங்கே, அதன் மேன் பக்கம் (கட்டளையின் கையேடு) ஏன் வரவில்லை?

உபுண்டுவில் பொதிகளை, அதாவது நிரல் தொகுப்புகளை, நிறுவும் டிபிகேஜி கட்டளையிடமே கேளுங்கள். டிபிகேஜி, இடைவெளி, சிறுகோடும் பெரிய எழுத்து எல்லும், அப்புறம் டெசராக்ட்-ஓசிஆர்-டாம் என்ற பொதியின் பெயர். அந்தப் பொதி வைத்த கோப்புகளின் பாதையெல்லாம் வரிசையாக வரும், டாம்.டிரெயின்ட்டேட்டா என்ற தமிழ் மொழிக்கோப்பு அதில் இருக்கும். 'விச்' கட்டளையால் தேடியும் கிடைக்கவில்லை என்றீர்கள்; அது ஓடும் நிரலை மட்டும்தான் காட்டும், மொழிக்கோப்பு அதில் சிக்காது.

மேன் பக்கம் வராததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். உங்கள் சிம்மக்கல் அச்சகத்துக்கு எடுத்த வாடகை சர்வரில் சுருக்கிய உபுண்டு இருந்தால், இடம் மிச்சம் பிடிக்க ஆவணங்களை நிறுவாமலே விட்டுவிடும். டாம் இல்லாமல், டெசராக்ட்-ஓசிஆர் பொதிக்குப் பட்டியல் எடுங்கள். அதில் யூஎஸ்ஆர்/ஷேர்/மேன் என்று தொடங்கும் ஒரு கோப்பின் பாதைக்கு, கோப்பு இருக்கிறதா என்று காட்டும் எல்எஸ் கட்டளையைக் கொடுங்கள். பட்டியலில் இருந்து வட்டில் இல்லையென்றால் இதுதான் சிக்கல். பலர் குழம்புவது இங்கேதான்: டிபிகேஜி சொல்வது பொதியில் இருந்ததை, வட்டில் இப்போது இருப்பதை அல்ல.

அப்படியென்றால் சூடோ போட்டு (நிர்வாகி உரிமையோடு), விட்டுப்போன ஆவணங்களைத் திரும்பக் கொண்டுவரும் அன்மினிமைஸ் கட்டளையை ஓட்டுங்கள். உபுண்டு 24.04-இல் அதைத் தனிப் பொதியாக நிறுவ வேண்டும். நிறைய பொதிகளை மறுபடி இறக்கும், அதனால் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்யும் வேலை ஓடும்போது வேண்டாம். வட்டில் இடம் இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள்.