ஃபேன் ரிலே மாத்தி மாத்தி அலுத்துப்போனவங்களுக்கு: இந்த வாட்டி வந்த கேள்விகள்

குற்றாலத்துல சாரல் விழ ஆரம்பிச்சா போதும், எனக்கு ரேடியேட்டர் ஃபேன் கேள்வியா வந்து குவியும். ரிலேன்னா, சின்ன கரண்ட வாங்கி ஃபேனோட பெரிய கரண்ட போட்டு நிறுத்துற சுவிட்ச் டப்பா. பதிலுக்கு முன்னாடி எப்பவும் சொல்றதுதான்: சாவி எடுத்துட்டாலும் ஃபேன் திடீர்னு சுத்தும், பேட்டரி நெகடிவ கழட்டாம அது பக்கம் கைய கொண்டு போகாதீங்க.

கேள்வி: அண்ணாச்சி, செங்கோட்டை – புனலூர் டாக்ஸி ஓட்டுறேன். 5 மாசத்துல ஃபேன் ரிலே 4 போச்சு, கடைசியா சாக்கெட்டும் உருகிருச்சு. இப்ப வர்ற ரிலே எல்லாம் டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டும் வருது, இல்லன்னு சொல்லல. ஆனா 4 ரிலே வரிசையா செத்தா செத்தவன் மேலயே கேஸ் போடக்கூடாது தம்பி, கொன்னவன் வேற எங்கயோ இருக்கான். பழைய ரிலேவ வீசிராம மூடிய நெம்பிப் பாருங்க. உள்ள காண்டாக்ட் கருகி குழி விழுந்திருந்தா ஃபேன் கரண்ட் அதிகமா இழுக்குது. காண்டாக்ட் நல்லா இருந்து ஃபேன் கரண்ட் போற 30, 87 பின் வேர்ல மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தா சாக்கெட் டெர்மினல் லூசு, அதுல எத்தன புது ரிலே சொருகினாலும் சூடாகி அதுவும் உருகும். ரிலே டக்டக்குன்னு விட்டு விட்டு அடிச்சா ரிலேவ இழுக்குற காயிலோட 85, 86 பின் பக்கம் வோல்டேஜ் பத்தல, அனேகமா எர்த் கோளாறு, அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் காண்டாக்ட்ல தீப்பொறி பறக்கும்.

உங்க ரூட்டுக்கு என் சந்தேகம் மோட்டார் மேலதான். புளியரை எஸ் வளைவுல ஜல்லி லாரி பின்னாடி ரெண்டாவது கியர்ல ஏசியும் போட்டு ஊர்ந்து ஏறுறப்ப முன்னாடி காத்தே வராது, ஃபேன்தான் மொத்த பாரமும் சுமக்கணும். புஷ் (சுத்துற தண்ட தாங்குற வளையம்) தேஞ்ச மோட்டார் தென்காசி ரோட்டுல தப்பிச்சிரும், ஆரியங்காவு போறதுக்குள்ள சாயம் வெளுத்துரும். சின்ன கார் ஃபேன் ஓடுறப்ப 10-15 ஆம்ப்ஸ் இழுக்கும், கிளம்புற நொடியில அதுக்கு ரெண்டு மூணு மடங்கு. கிளம்பி சீரா ஓடுறப்பவே 25 காட்டுச்சுன்னா மோட்டார மாத்துங்க. அளக்க வயர சுத்தி மாட்டுற கிளாம்ப் மீட்டர் வேணும், அதுவும் டிசி (பேட்டரி கரண்ட்) அளக்குறதா பாத்து வாங்கணும், வீட்டு வயரிங்காரர்கிட்ட இருக்குறதுல பெரும்பாலும் வீட்டு ஏசி கரண்ட் மட்டும்தான் அளக்கும், அத மாட்டிட்டு ஜீரோ காட்டுதுன்னு எனக்கு எழுதாதீங்க. அப்படியே ஃபேன் ஓடுறப்ப 30க்கும் 87க்கும் நடுவுல வோல்டேஜ் பாருங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல இருந்தா அங்கதான் சூடு பிடிக்குது.

கேள்வி: வண்டி ஹீட் ஆகுது. எந்த ரிலே மாத்தணும்? அர்ஜென்ட்.

என்ன வண்டி, ஃபேன் ஓடுதா இல்லயா, கூலன்ட் இருக்கா, ஒண்ணும் சொல்லல. அர்ஜென்ட் மட்டும் இருக்கு. ஓரமா நிறுத்துங்க, சூட்டோட ரேடியேட்டர் மூடிய திறக்காதீங்க.

கேள்வி: 30 ஆம்ப்ஸ் ஃபியூஸ் அடிக்கடி போச்சு. மெக்கானிக் 50 போட்டு, ரிலேவையும் தூக்கிட்டு டேஷ்போர்டுல சுவிட்ச் வச்சு டைரக்டா குடுத்துட்டார். இப்ப பிரச்சனையே இல்ல. இப்படியே ஓட்டலாமா?

வாங்க, உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன். ஃபியூஸ் இருக்கிறது வயர காப்பாத்த, மோட்டார காப்பாத்த இல்ல. 30 ஆம்ப்ஸுக்கு கணக்கு பண்ணி இழுத்த வயர்ல 50 போட்டா ஃபியூஸ் போறதுக்கு முன்னாடி வயர் எரியும், அவ்ளோதான் வித்தியாசம். அந்த சுவிட்ச் 10 ஆம்ப்ஸ், மிஞ்சிப்போனா 15 தாங்கும், அதுல மொத்த ஃபேன் கரண்டும் உங்க முழங்காலுக்கு மேல ஓடிக்கிட்டு இருக்கு. சபரிமலை சீசன்ல ஒரு வேன் என் பட்டறைக்கு கட்டி இழுத்து வந்துச்சு, கோட்டவாசல் தாண்டினதும் டேஷ்போர்டுக்குள்ள புகை, பின்னாடி மாலை போட்ட சாமிங்க தூக்கத்துல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. பிரிச்சுப் பாத்தா இதே வேலை, சுவிட்ச் உருகி வழிஞ்சிருக்கு, வயர் ஒரு முழம் தோலே இல்ல. பண்ணது யார்னு டிரைவருக்கே ஞாபகமில்ல, வழியில ஏதோ ஒரு கடையாம், 200 ரூபா வாங்கினானாம்.

அது எரியலன்னே வைங்க, சுவிட்ச் போட மறந்துட்டு மலை ஏறினீங்கன்னா ஹெட் கேஸ்கட் போகும், அதுக்கு எவ்ளோ ஆகும்னு அந்த மெக்கானிக்கையே கேளுங்க. பிரச்சனையே இல்லன்னு சொல்றீங்க, பிரச்சனைய சொல்லிக்கிட்டு இருந்த ஃபியூஸோட வாயத்தான் அடைச்சிருக்கீங்க. ஆம்ப்ஸ் அளந்தாங்களா? அளந்திருக்க மாட்டாங்க. பழையபடி 30 ஃபியூஸ், ரிலே, நல்ல சாக்கெட் போட்டுட்டு மோட்டார அளங்க.

கேள்வி: புனலூர்ல இருந்து எழுதுறேன் சேட்டா. சாவி எடுத்தப்புறமும் ஃபேன் ஓடுது.

சில வண்டில கொஞ்ச நேரம் ஓடுற மாதிரியே கம்பெனில வச்சிருக்காங்க, பயப்படாதீங்க. எஞ்சின் ஆறினப்புறமும் நிக்காம பேட்டரி இறங்குதுன்னா ரிலேவ புடுங்குங்க. நின்னுருச்சா? புடுங்கின ரிலேல 30க்கும் 87க்கும் மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி (இணைப்பு இருக்கான்னு) பாருங்க. பீப் சத்தம் வந்தா காண்டாக்ட் ஒட்டிக்கிச்சு. ஏன் ஒட்டுச்சுன்னு முதல் பதில திரும்ப படிங்க. சத்தம் வரலன்னா ரிலே மேல தப்பில்ல, சென்சார் பக்கம் தேடணும்.

கேள்வி: ரிலே டிக்னு சத்தம் வருது, ஃபேன் சுத்தல. ரிலே நல்லாதானே இருக்கு?

காயில் நல்லாருக்கு, அவ்ளோதான். 87ல டெஸ்ட் லேம்ப் வைங்க, எரியலன்னா ரிலே அல்லது ஃபியூஸ். எரிஞ்சா ஃபேன் கனெக்டர்ல வைங்க, அப்புறம் எர்த். எல்லாம் சரின்னா மோட்டார் உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சு தீந்துபோச்சு.

கேள்வி: 5 பின் ரிலேக்கு பதிலா 4 பின் போடலாமா?

87ஏ-ல (ரிலே ஆஃப்ல இருக்கிறப்ப 30ஓட சேர்ந்திருக்கிற அஞ்சாவது பின்) வயர் வரலன்னா போடலாம். ரெண்டு ஸ்பீடு ஃபேன் வண்டில அதுல வயர் வரலாம், பாக்காம போட்டா ஸ்லோ ஸ்பீடு போயிரும். ரிலே மேல போட்டிருக்கிற படத்துல டையோடு குறி இருந்தா 85, 86 மாறவே கூடாது. மாறினா டையோடு வழியா ஷார்ட்டாகி, ஈசிஎம்ல (எஞ்சின் கம்ப்யூட்டர்) ரிலேவ இயக்குற சர்க்யூட் போனா ரிலே விலை சமாச்சாரமா இருக்காது.

கேள்வி: மழை சீசன்ல ரிலே பின் பச்சை பூத்துப்போகுது, என்ன தடவலாம்?

தடவுறது அப்புறம். தனியா கட்டின ரிலேன்னா பின் கீழ பாத்து இருக்கணும், மேல பாத்து இருந்தா சாக்கெட் கிண்ணம் மாதிரி தண்ணி பிடிக்கும். பச்சை பிடிச்ச டெர்மினல தேய்க்காம புதுசா கிரிம்ப் பண்ணி (வயரோட நெரிச்சு) போடுங்க. வாட்டர் சர்வீஸ் விடுறப்ப ரிலே பாக்ஸுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டச் சொல்லுங்க. கட்டிட்டேன்னு சொன்னாலும் போய் ஒரு வாட்டி பாருங்க.