ஓமந்தூரார்: அடைமொழியா, ஆட்சியா?

கேள்வி: ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரை 'விவசாயி முதல்வர்' என்று புகழ்கிறார்கள். அது வெறும் அடைமொழிதானா, அல்லது அவருடைய ஆட்சியால் உழவர் வாழ்வில் ஏதேனும் மாறியதா? (வாசகர் ஒருவர், திண்டிவனம்)

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஓமந்தூரில் 1895-இல் வேளாண் குடும்பத்தில் பிறந்த அவர், சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தை ஆண்டார். இரண்டே ஆண்டுகள்தாம், ஆயினும் அந்த அடைமொழி அவருக்கு முற்றிலும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

காரணம் ஜமீன் ஒழிப்பு. ரயத்துவாரி கிராமத்தில் உழவர் தம் பெயரிலுள்ள பட்டாவுக்குரிய தீர்வையை, அதாவது நிலவரியை, நேராகச் சர்க்காருக்குக் கட்டினார். ஜமீன் கிராமத்திலோ அவர் கட்ட வேண்டியது ஜமீன்தாருக்கு. மண்ணும் மழையும் ஒன்றாக இருக்க, எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, அந்தப் பக்கம் அதைவிடக் கூடுதலான தொகை என்ற நிலை பல இடங்களில் இருந்தது. ஓமந்தூரார் ஆட்சி முதலில், 1947-இலேயே, ஜமீன் நிலங்களின் வரியைப் பக்கத்து ரயத்துவாரி நிலங்களின் அளவுக்குக் குறைக்கச் சட்டம் செய்தது. மறு ஆண்டே, இழப்பீடு கொடுத்து ஜமீன்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, அங்கு உழுதுவந்த குடிகளுக்கு ரயத்துவாரி பட்டா வழங்க வகைசெய்யும் 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம் வந்தது. சட்டம் வந்த மறுநாளே பட்டா கைக்கு வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிலத்தை அளந்து, சர்வே எண் இட்டு, தீர்வை விதித்த பிறகே அந்தக் காகிதம் உழவரிடம் சேர முடிந்தது. ஆனால் அதில் இடம்பெற்ற பெயர் உழவருடையது. எத்தனையோ தலைமுறையாக ஜமீன் கணக்குப்பிள்ளையின் ஏட்டில் மட்டுமே இருந்த பெயர் அது!

தேவதாசி ஒழிப்பு, ஆலய நுழைவு ஆகிய சட்டங்களும், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கும் அவருடைய ஆட்சியிலேயே வந்தன.

ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. தஞ்சைக் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் இந்த ஜமீன் சட்டம் எட்டவில்லை. அவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 1952 வரை காத்திருந்தது. சொந்த நிலமுடைய உழவரின் துன்பத்தை நன்கறிந்த ஆட்சி, நிலமே இல்லாதவரின் துன்பத்திற்கு அதே வேகத்தில் விடை காணவில்லை என்பது என் வருத்தம்.

பதவியை விட்டபின் அவர் நாடியது வடலூரை. வள்ளலார் வழியில் அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, பிள்ளைகளின் படிப்புக்காகவே பாடுபட்டு, 1970-இல் மறைந்தார்.