அப்பா கேட்ட கதை

கேள்வி: என் வயது 41. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மாயாஜாலக் கதை, அறிவியல் புனைகதை என்றால் எனக்கு உயிர். ஏழு வயதில் அப்பா மாதாமாதம் அம்புலிமாமா வாங்கி வந்து வாசித்துக் காட்டுவார். வேதாளம் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்தி, "நீ பதில் சொல்லு" என்பார். அப்போது பிடித்த பைத்தியம் இது. போன மாதம் 'தி வீல் ஆஃப் டைம்' 14 தொகுதிகளையும் முடித்தேன். அடுத்துப் படிக்க 63 புத்தகங்களுக்குப் பட்டியல் இருக்கிறது. 'டியூன்' எடுக்கவா, 10 தொகுதி 'மலாசன்' வரிசையைத் தொடங்கவா, சின்ன நாவல்களாகப் போகவா? மூன்று வாரமாக எதையும் தொட முடியவில்லை. இதையெல்லாம் பேச வீட்டில் ஆளும் இல்லை. அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 76. அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, ஆனாலும் படிக்க முடிவதில்லை. ஒருநாள் ராத்திரி "என்னப்பா கதை அது?" என்று கேட்டார். 14 தொகுதியை எப்படிச் சொல்ல? "உங்களுக்குப் புரியாதுப்பா" என்றுவிட்டேன். அடுத்து எது என்று நீங்களாவது சொல்லுங்கள்.

பதில்: தம்பி, நீண்ட தொடரை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட முடியாமல் தவிப்பவர்களின் கடிதம் எனக்கு நிறைய வருகிறது. இரண்டு புத்தகத்தின் பெயரை எழுதி அனுப்பிவிடுவேன். உங்களுக்கு அப்படி எழுத முடியவில்லை. உங்கள் கடிதத்தில் 'புரியாது' என்ற சொல்லைத் தாண்டி எனக்குப் போக முடியவில்லை.

யாருக்குப் புரியாது? ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கனை உங்களுக்குச் சொன்னவருக்கா? 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் தன் பலத்தையெல்லாம் ஒரு மோதிரத்தில் இறக்கி வைத்த இருள் அரசனைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். "நம்ம கிளிக் கதைதானே?" என்று முதல் வாக்கியத்திலேயே பிடித்துவிடுவார். கூடுவிட்டுக் கூடு பாய்வதை விக்கிரமாதித்தனிடம் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. ஏழு வயதுப் பையனிடம் ராஜநீதிக் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாரே, அன்றைக்கு உங்களுக்கு என்ன புரிந்திருக்கும்? உனக்குப் புரியாது என்று அவர் ஒருநாளாவது சொன்னாரா?

14 தொகுதியை வாயால் சொல்ல முடியாது என்கிறீர்கள். அதை எழுதிய ராபர்ட் ஜோர்டன் கதையை முடிக்காமலே 2007-இல் இறந்துபோனார். நோய் முற்றிய நாட்களில் மீதிக் கதையைத் தன் வீட்டாரிடம் வாயால்தான் சொல்லிவைத்தார். அவர் சொன்னதையும் எழுதிவைத்த குறிப்புகளையும் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று தொகுதிகளை எழுதினார். நீங்கள் படித்து முடித்த முடிவே சாகக் கிடந்த ஒரு மனிதர் வீட்டில் உட்கார்ந்து சொன்ன கதை. சோற்றுத் தட்டின் முன்னால் பத்து நிமிடம் உங்களால் சொல்ல முடியாதா? முடியும். உங்களுக்குச் சோம்பல். பேச ஆளில்லை என்று வேறு எழுதுகிறீர்கள். கேட்க ஆள் தானாக வந்தார், நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள்.

எனவே அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். அப்பாவுக்கு எதைச் சொல்ல முடியுமோ அதுதான் உங்கள் அடுத்த புத்தகம்.

முதலில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. நீங்கள் முன்பே படித்திருந்தாலும் பரவாயில்லை, இந்த முறை சத்தமாக வாசியுங்கள். வாரத் தொடராக வந்த கதை, ஓர் அத்தியாயத்தில் நிறுத்தினால் மறுநாளைக்கு ஆவல் மிஞ்சும். கதை நடப்பது 2021-இல். அந்த வருடத்தை அப்பாவும் கடந்து வந்துவிட்டார், எது பலித்தது எது பலிக்கவில்லை என்று அவரே கணக்குப் பார்ப்பார். ஜீனோ என்ற இயந்திர நாயை அவருக்குப் பிடிக்காமல் போகாது.

அடுத்தது ஆர்தர் சி. கிளார்க் 1979-இல் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்'. இதை நீங்கள் பகலில் படித்து ராத்திரி தமிழில் சொல்ல வேண்டும். கிளார்க் 1956-இலேயே இலங்கைக்குக் குடிபோனவர், 2008-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். இந்த நாவலுக்காக அந்தத் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்தார். நாம் சிவனொளிபாதம் என்று சொல்லும் மலைதான் கதையில் வேறு பெயரில் வருகிறது. அதன் உச்சியிலிருந்து வானத்துக்கு லிஃப்ட் கட்ட ஒரு பொறியாளர் வருகிறார். அங்கே மடம் வைத்திருக்கும் பிக்குகள் இடம்தர மறுக்கிறார்கள். பூமியோடு சேர்ந்தே சுற்றும் செயற்கைக்கோள் நிற்கிற உயரம் சுமார் 36,000 கிலோமீட்டர். அங்கிருந்து ஓர் இழையைக் கீழே இறக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு அப்பாவைப் பாருங்கள். ஆயுள் முழுக்கக் கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கட்டவைத்து, இரண்டு கம்பத்துக்கு நடுவே லைன் எவ்வளவு தொய்யலாம் என்று பார்த்தவர். "அவ்வளவு நீளக் கம்பி தன் பாரத்தைத் தானே எப்படிடா தாங்கும்?" என்றுதான் கேட்பார். அந்த நாவலின் உயிரான கேள்வியே அதுதான். உங்களுக்கு நாலு அத்தியாயம் எடுத்தது அவருக்கு நாலு நிமிடம் எடுக்கும். புரியாது என்றது யாரை என்று அப்போது தெரியும். கிளார்க் கொடுத்த பதில், கரிமத்தால் ஆன, கண்ணுக்கே தெரியாத மெல்லிய இழை. அதை உடனே சொல்லிவிடாதீர்கள், ஒரு ராத்திரி அவர் யோசிக்கட்டும்.

அதே நாவலில் இலங்கையின் சிகிரியா மலைக்கோட்டையை ஆண்ட காசியப்பனை மாதிரியாக வைத்து ஓர் அரசன் வருகிறான், தகப்பனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தவன். அந்தப் பகுதியையும் விடாமல் சொல்லுங்கள்.

மூன்றாவதாக அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ'. சின்னப் புத்தகம். ஆடு மேய்த்த பையன் மந்திரம் கற்று, அகந்தையில் ஒரு நிழலை அவிழ்த்துவிட்டு, அதற்கு அஞ்சித் தீவு தீவாக ஓடுகிறான். அங்கே எந்தப் பொருளுக்கும் உயிருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு, அது தெரிந்தவனுக்கே சக்தி. மந்திரத்தை உரக்கச் சொல்லாதே என்று கேட்டு வளர்ந்தவருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

'டியூன்' நல்ல நாவல், ஆனால் பின்னால் சொல்லகராதியே வைத்திருக்கிறார்கள், அதைப் புரட்டிப் புரட்டிக் கதை சொல்ல வராது. 'மலாசன்' இப்போது வேண்டாம். பத்துத் தொகுதியும் அடுத்த வருடம் இருக்கும். கேட்பதற்கு அப்பா உட்கார்ந்திருக்கும்போது தனியே ஓர் அறைக்குள் இரண்டு வருடம் போய்விடுவது பிள்ளை செய்யும் காரியமில்லை. அவர் வாசித்துக் காட்டியதை நீங்கள் திருப்பி வாசிக்க வேண்டியிருக்கிறது. நான் இதைக் கடன் என்றுதான் சொல்வேன், எத்தனை பேர் பழைய பேச்சு என்றாலும்.

ஒன்று விட்டுப்போயிற்று. வலது கண்ணில் புரை எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இடது கண்ணை டாக்டர் பார்த்தாரா? எடுத்த பிறகும் படிக்க முடியவில்லை என்றால் கண்ணாடி மாற்ற வேண்டுமா என்று யாராவது கேட்டீர்களா? 63 புத்தகத்துக்குப் பட்டியல் போட்டவர் கடிதத்தில் அது எங்கும் இல்லை. இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.