ஒரே துறை, ஆளுக்கொரு ஆராய்ச்சி: யாரிடம் சேர்வது?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு பிஎச்.டி. சேர வேண்டும் என்கிறாள். ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைப் பக்கத்தைப் பார்த்தோம். ஒருவர் படிகம் வளர்க்கிறார், இன்னொருவர் சோலார் செல் செய்கிறார், மூன்றாமவர் புரதத்தை ஆராய்கிறாராம். இயற்பியலுக்கும் புரதத்துக்கும் என்ன சம்பந்தம்? யாரிடம் சேர்ப்பது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறையவே சம்பந்தம் உண்டு அம்மா. 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். அவர் கையில் எடுத்தது நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை. அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது, அதை எக்ஸ் கதிரில் படமெடுத்துக் கணக்குப் போட்டு, இது மூன்று இழைகளால் ஆனது என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து எழுதினார். அடுத்த வருடமே அதைத் திருத்தி, மூன்று இழைகளும் கயிறு திரித்ததுபோல முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்றார்கள். புரதச் சங்கிலி எந்தெந்த வடிவில் மடங்க முடியும் என்று காட்ட 1963-ல் அவர் தன் மாணவர்களோடு வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றைக்கும் உலகம் முழுக்கப் புரத ஆய்வுக்கூடங்களில் புழங்குகிறது. எல்லாம் ஓர் இயற்பியல் துறையில் நடந்தது!

அதனால் துறையின் பெயரை விடுங்கள், கைடு, அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் யார் என்று பாருங்கள். இணையதளத்தில் இருக்கும் பட்டியல் பல இடங்களில் பழையது, பத்து வருடத்துக்கு முன் எழுதியதை அப்படியே விட்டிருப்பார்கள். கடைசி இரண்டு மூன்று வருடங்களில் அவர் என்ன கட்டுரை வெளியிட்டார் என்று தேடச் சொல்லுங்கள். அப்புறம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் 'ஷோத்கங்கா' தளத்தில் அவர் பெயரைப் போட்டால் அவரிடம் படித்தவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கும். அதில் முதல் அத்தியாயத்தோடு நன்றியுரையையும் படிக்கட்டும், கைடு மாணவரோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பது சில சமயம் அங்கேதான் தெரியும்.

இடம் இருக்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் கைடாக இருக்கலாம், ஓய்வு பெற மூன்று வருடத்துக்குக் குறைவாக இருந்தால் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. இது தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

சரி, ஆளைப் பிடித்துவிட்டால் ஈமெயில் எழுதுவது உங்கள் மகளாகவே இருக்கட்டும். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, எந்த இடம் புரியவில்லை என்பதையும் அதிலேயே கேட்கட்டும்.