பதில்: 'ப்ரிவென்டட் அஸ் டு ஓப்பன்' ஏன் தப்பு?

மழையால் காரைக்குடி வீட்டைத் திறக்க முடியலைன்னு விருந்தாளிக்கு நீங்க எழுதின 'தி ரெய்ன் ப்ரிவென்டட் அஸ் டு ஓப்பன் தி ஹவுஸ்' வரியில் சறுக்கினது 'டு ஓப்பன்' மட்டும்தான். 'திறக்க விடலை' என்கிறோம் இல்லையா, அந்தத் 'திறக்க'தான் 'டு ஓப்பன்' ஆகி உள்ளே வந்துடுது. 'தி ரெய்ன் ப்ரிவென்டட் அஸ் ஃப்ரம் ஓப்பனிங் தி ஹவுஸ்' என்று மாத்துங்க. வரிசை: வினை, தடுக்கப்பட்டவர், 'ஃப்ரம்', 'இங்' சேர்ந்த சொல்.

'ஸ்டாப்', 'கீப்' இரண்டுக்கும் இதே அச்சுதான். பிரிட்டிஷ் வழக்கில் 'ப்ரிவென்ட்', 'ஸ்டாப்' பின்னால் 'ஃப்ரம்' இல்லாமலும் எழுதுவாங்க. 'வீ வேர் ப்ரிவென்டட்' போன்ற செயப்பாட்டு வினையில் 'ஃப்ரம்'மை விடக்கூடாது. 'கீப்'பில் விட்டால் பொருளே தலைகீழ்! 'கெப்ட் அஸ் ஃப்ரம் வொர்க்கிங்' என்றால் மழை வேலையைக் கெடுத்தது. 'கெப்ட் அஸ் வொர்க்கிங்' என்றால் முற்றத்துத் தண்ணியை விடாமல் இறைக்க வச்சது.

சுவரைத் தொடாதீங்கன்னு நீங்க மாட்டப்போற பலகைக்கு 'ப்ளீஸ் ரிஃப்ரெய்ன் ஃப்ரம் டச்சிங் தி வால்ஸ்' போதும். 'ரிஃப்ரெய்ன்' தன்னைத் தானே அடக்கிக்கிறது. 'ரிஃப்ரெய்ன் விசிட்டர்ஸ்' கிடையாது. 'அவாய்ட்' போட்டால் 'ஃப்ரம்' வேண்டாம், 'டு'வும் வேண்டாம்: 'அவாய்ட் டச்சிங்'. வீட்டுப் பலகைக்கு 'ரிஃப்ரெய்ன்' கொஞ்சம் விறைப்பு. என்னைக் கேட்டால் 'ப்ளீஸ் டோன்ட் டச்' நல்லது.

கடைசியாக் கேட்ட 'சிரிப்பை அடக்க முடியலை': 'ஐ குடின்ட் ஹெல்ப் லாஃபிங்'. இங்கே 'ஹெல்ப்'புக்கும் உதவிக்கும் சம்பந்தமில்லை. 'ஐ குடின்ட் கீப் ஃப்ரம் லாஃபிங்' என்றும் எழுதலாம்.