போரா போரா போகும் முன் அந்த மூச்சிரைப்பைக் கவனியுங்கள்

அம்மா, பசிபிக் கடலில் இருக்கும் போரா போரா தீவுப் பயணம் பற்றிய உங்கள் கடிதத்தில் சுறா, டெங்கு, விஷ மீன், கப்பல் ஆட்டம் எல்லாம் வரிசையாக வருகின்றன. கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "போன மாதம் மருதமலைப் படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் நிற்காமல் ஏறினார். வயசாகுது இல்லையா என்கிறார்." நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த வரிக்காகத்தான்.

உங்கள் கணவருக்கு 66 வயது. இரண்டு வருடத்துக்கு முன் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கின்றன. ஒரே வருடத்தில் படி ஏறும் தெம்பு இவ்வளவு குறைந்தால் அதை வயசின் தலையில் கட்ட முடியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே வராமல் இதயம் சிரமப்படலாம். மூச்சிரைப்பு மட்டும்தான் வெளியே தெரியும். ஸ்டென்ட் வைத்த இடத்தில் ரத்தக்குழாய் மறுபடி சுருங்கியிருக்கலாம். வேறு ரத்தக்குழாயில் அடைப்பு வந்திருக்கலாம். இதயம் பம்ப் செய்யும் பலம் குறைந்திருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிடும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்து வயிற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசியவைத்து, அதனால் வந்த ரத்தச்சோகையாகக்கூட இருக்கலாம். மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா என்று அவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

இந்த வாரமே அவருடைய கார்டியாலஜிஸ்ட்டைப் பாருங்கள். ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), ஹீமோகுளோபின் மூன்றும் உடனே வேண்டும்; டிரெட்மில்லோ ஆஞ்சியோவோ தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். தலையணையை உயர்த்தினால்தான் தூக்கம் வருகிறது, நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார், சாயங்காலம் இரண்டு காலும் வீங்குகின்றன, மலம் கறுப்பாகப் போகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வாரக்கணக்கு வேண்டாம், நாளைக் காலையே போங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.

பயணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. ஆக்லாந்தில் இருக்கும் மகள் ஆசையாக எடுத்த டிக்கெட்டை இப்போது ரத்து செய்யச் சொல்ல மாட்டேன். இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் ஸ்டென்ட் வைத்தவர் தாராளமாகப் போகலாம். டஹிட்டித் தீவின் பாபீட்டியில் ஏறி மூரியா, உவாஹினி, ராயடேயா, போரா போரா என்று தீவு தீவாக ஏழு இரவு சிறிய கப்பலில் சுற்றுவதில் உடம்புக்கு வேலை அதிகம் இல்லை.

எனக்குக் கவலை தரும் இடம் வேறு. எல்லோரும் ஸ்நார்க்கல் குழாயை வாயில் வைத்துக்கொண்டு மீன் பார்க்க இறங்கும் லகூன் தண்ணீர்தான் அது, அதாவது பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் அமைதியான கடல். இடுப்பளவுதான், அலையும் இல்லை, அதனால் பயமும் வராது. ஆனால் கழுத்து வரை தண்ணீரில் இருந்தாலே கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. நல்ல இதயம் அதைச் சமாளித்துவிடும். பிரஷரால் தடித்த இதயமோ பலம் குறைந்த இதயமோ திணறும்போது, நுரையீரலுக்குள் நீர் கசிய ஆரம்பிக்கிறது. குழாய் வழியாகச் சிரமப்பட்டு மூச்சை இழுப்பது அதை இன்னும் மோசமாக்கலாம். ஹவாய்க்குச் சுற்றுலா வந்து நீரில் இறப்பவர்களில் பலர் ஸ்நார்க்கல் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்களில் சிலர் தண்ணீர் குடித்து மூழ்கவில்லை, முதலில் இப்படி மூச்சுத் திணறித்தான் விழுந்தார்கள் என்று அங்கு இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த விளக்கத்தில் விவாதம் இருக்கிறது. இதய நோயாளியிடம் நான் விவாதம் முடியட்டும் என்று காத்திருக்க மாட்டேன்.

ஆகவே, கார்டியாலஜிஸ்ட்டிடம் "இவர் ஸ்நார்க்கல் செய்யலாமா?" என்று அந்த வார்த்தையைச் சொல்லியே கேளுங்கள். "டூர் போகலாமா" என்று மட்டும் கேட்டால் "போகலாம்" என்று மட்டும்தான் பதில் வரும். அவர் சரி என்றாலும், நீண்ட விமானப் பயணம் முடிந்து முதல் இரண்டு நாள் இறங்க வேண்டாம். மகள் வாங்கி வைத்திருக்கும், முகம் முழுவதும் மூடும் மாஸ்க் இவருக்கு வேண்டவே வேண்டாம்; திணறும்போது அதைச் சட்டென்று கழற்றுவது கஷ்டம். கால் எட்டும் ஆழம், பக்கத்தில் ஒரு ஆள். காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ, இருமல் வந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ அந்த நொடியே மாஸ்க்கைக் கழற்றி, எழுந்து நின்று, கரையேற வேண்டும். ஏறியதும் உட்கார வையுங்கள், மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். ஆக்சிஜன் கேளுங்கள். அவர் ஐந்து நிமிடத்தில் "இப்போ பரவாயில்லை" என்றாலும் கப்பல் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

மருத்துவர் வேண்டாம் என்றால் போரா போராவில் கண்ணாடி அடி கொண்ட படகுகள் இருக்கின்றன. நனையாமலே மீன் பார்க்கலாம்.

மற்ற பயங்களுக்கு வருகிறேன். சுறாவை விட்டுவிடுங்கள். லகூனில் சுற்றும் கருந்துடுப்புச் சுறாக்கள் பொதுவாக மனிதரைக் கண்டால் விலகிப்போகிறவை. கையில் மீனை வைத்துக்கொண்டு அவற்றைக் கூப்பிடாமல் இருந்தால் போதும். மலேரியா அங்கே இல்லை. டெங்கு உண்டு, நம் ஊரிலும் உண்டு. பகலில் கடிக்கும் கொசு, அதனால் காலையிலேயே கொசு விரட்டி பூசுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. விஷ மீன் என்று நீங்கள் படித்தது சிகுவாட்டெரா. பவளப்பாறைப் பாசியில் உண்டாகி மீனுக்குப் போகும் நச்சு, சமைத்தாலும் போகாது. பெரிய களவா, சீலா, விலாங்கு வேண்டாம்; சூரை மீன் சாப்பிடலாம். சர்க்கரைக்காரர் பவளக் கரையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. ரப்பர் செருப்பு போடச் சொல்லுங்கள், இரவில் பாதத்தை நீங்களே பாருங்கள்.

அடுத்து, நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் மருந்துப் பை. எனக்குக் கோபமே வந்தது. விமானத்தில் ரத்தம் கட்டாமல் இருக்க இரண்டு ஆஸ்பிரின் கூடுதலாகக் கொடுக்கப் போகிறீர்களாம். ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே இரண்டு மருந்து சாப்பிடுகிறவருக்கு அது வயிற்றில் ரத்தப்போக்கை வரவழைக்கலாம். ஆக்லாந்து வழியாக 20 மணி நேரப் பறப்பு. இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும். இறங்கிய பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கப்பல் ஆட்டத்தில் வரும் குமட்டலுக்கு என்று மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய அவோமின் அவருக்கு ஆகாது. ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு மருந்து சாப்பிடுகிறவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். கப்பலின் கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. ஆன்டிபயாடிக்கை வீட்டிலேயே வையுங்கள். அப்புறம், ஹார்ட் அட்டாக் வந்தால் இருமிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற அந்த வாட்ஸப் செய்தி பொய். இருமி நேரத்தை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஒரு விஷயத்தைக் கடிதத்தில் நீங்கள் யோசிக்கவே இல்லை. பாபீட்டி நேரம் நமக்கு 15½ மணி நேரம் பின்னால். ஆக்லாந்தில் வியாழன் மாலை ஏறினால் புதன் இரவு இறங்குவீர்கள். தேதியைப் பார்த்து மாத்திரை கொடுத்தால் குழம்பிவிடும். கடைசி மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கு வையுங்கள். சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டோடு மட்டும் கொடுங்கள்.

"நடுக்கடலில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மற்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான் என்று எனக்குப் புரிகிறது. கப்பலில் டாக்டர், ஈசிஜி, ஆக்சிஜன் இருக்கின்றனவா என்று முன்பே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ராயடேயாவின் உட்டுரோவாவில் சிறிய மருத்துவமனை இருக்கிறது. பெரியது டஹிட்டியில், பாபீட்டியை ஒட்டிய பிரேயில். நிலைமை மோசமானவர்களை மற்ற தீவுகளிலிருந்து அங்கேதான் விமானத்தில் கொண்டுபோகிறார்கள். போரா போராவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பறந்துவிடலாம். அந்தச் செலவையும் பழைய இதய நோயையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். கரையில் இருக்கும்போது மருத்துவ அவசர எண் 15. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டென்ட் அட்டை, மருந்துகளின் மூலப்பெயர்ப் பட்டியல் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

எக்கோ எடுத்ததும் ரிப்போர்ட்டின் நகலை எனக்கு அனுப்புங்கள். மருதமலையில் எத்தனையாவது படியில் உட்கார்ந்தார் என்பதையும் அவரிடம் கேட்டு எழுதுங்கள்.